அப்பா வண்டியேறிய தேதி

ஜூலை 3

அம்மா தூங்கிவிட்டாள். போன வருட அறிவியல் ரெக்கார்டு நோட்டில் பின்பக்கம் இருபது தாள் காலியாக இருக்கிறது. அதில் எழுதுகிறேன். யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். முன்பக்கம் முழுக்க வெங்காயச் செல் படம்.

இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவுடன் மதுரைக்குப் போனேன். கீழ்வீட்டுப் பெரியம்மாவிடம் அம்மாவுக்குத் தைராய்டு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனோம். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி, வேலம்மாள். நாங்கள் மாடியில் இருக்கிறோம். அப்பா இருந்திருந்தால் அவர்தான் அம்மாவோடு போயிருப்பார். அவர் லீவு முடிந்து ஜூன் இரண்டாம் தேதி சவுதிக்கு, தம்மாமுக்கு வண்டியேறிவிட்டார்.

அது தைராய்டு ஆஸ்பத்திரி இல்லை. வாசலில் பெரிய குழந்தைப் படம் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த யாரிடமும் குழந்தை இல்லை. எல்லாரும் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் சத்தம் வைக்கவில்லை.

மே மாதத்திலேயே அப்பாவும் அம்மாவும் இங்கே வந்திருக்கிறார்கள். அப்போது போட்ட ஊசிகளால் அம்மாவின் வயிறு வீங்கிவிட்டது. அதனால் முட்டை எடுத்து வெளியே உண்டாக்கிய கருவை உடனே உள்ளே வைக்காமல் உறைய வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். இன்றைக்கு வைத்தார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் பிறகு அம்மாவைத் திரை போட்ட கட்டிலில் படுக்க வைத்தார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே ஜெபராணி சிஸ்டர் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், இந்தப் பிள்ளையும் எடை கம்மியாத்தான் பொறக்குமா?” என்று அம்மா கேட்டாள்.

“ஏம்மா அப்படிக் கேக்குறீங்க?”

“மூத்தவ ஒண்ணே எழுநூறுதான் இருந்தா. எட்டு மாசம் முடியுததுக்குள்ள வலி வந்துட்டு. பத்தொம்பது நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாவ.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“அது முட்டை எடுத்த கையோட உடனே உள்ள வச்சதும்மா. ஊசி மருந்தோட வேகம் உடம்புல அப்படியே இருக்கும்போது வைக்கிறது. அந்தப் பிள்ளைங்க கொஞ்சம் எடை கம்மியாப் பொறக்கறதுண்டு. இது உறைய வச்சது. உடம்பு அமைதியானப்புறம் வச்சிருக்கோம். பொதுவா அதைவிட எடை கூடத்தான் இருக்கும். சிலது ரொம்பவே கூடிரும், அதையும் கவனிக்கணும். எல்லாருக்கும் இப்படித்தான்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. பேசாமப் படுங்க.”

மூத்தவள் நான்தான். வேறு மூத்தவள் கிடையாது.

தென்காசி உலகம்மனுக்கு அம்மா நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போட்டதால் நான் பிறந்தேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் எனக்கு உலகம்மாள் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரை வைத்து எவ்வளவு கேலி செய்தாலும், சாமி கொடுத்த பெயர் என்று பொறுத்துக்கொள்வேன்.

பஸ்ஸில் அம்மா சன்னல் பக்கம் சாய்ந்துகொண்டாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் கையைப் பிடித்தாள். கை ஈரமாக இருந்தது.

ஜூலை 4

நான் ஒன்றும் நினைக்கவில்லை. கணக்கு வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டேன்.

பத்தொன்பது நாளும் அம்மா பக்கத்தில் இருந்திருப்பாளா? கேட்டால், திரைக்குப் பின்னால் நின்று கேட்டது தெரிந்துவிடும்.

ஜூலை 14

ரத்தப் பரிசோதனையில் கரு தங்கிவிட்டது என்று மதுரையிலிருந்து போன் வந்தது. அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து ரசத்துக்குப் புளி கரைத்தாள்.

ராத்திரி அப்பா கூப்பிட்டார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கினாள். அம்மா விஷயத்தைச் சொன்னாள். அப்புறம் அவர் கேட்டது இதுதான்.

“கோமதி, நான் வண்டியேறுனது ஜூன் ரெண்டு. இது தங்குனது ஜூலைல. கணக்குப் பாப்பாங்கல்ல?”

“ட்ரீட்மெண்டுன்னே சொல்லிருவோம்.”

“சொன்னா, யாருக்குக் குறைன்னு கேப்பான். எங்கண்ணன் வாயி உனக்குத் தெரியாதா? கடை வாசல்ல வச்சுப் பேசுவான். கடைசியாத் தீட்டு வந்தது மே பதினேழுன்னு சொல்லு. நான் வாரம் வாரமா எண்ணிப் பாத்துட்டேன். அப்ப நான் அங்கதான இருந்தேன்.”

“ஒரு மாசம் முந்தி இழுக்கச் சொல்லுதிய.”

“ஒரு மாசந்தான. எவன் கண்டுபிடிக்கப் போறான்?”

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

“உலகு, இது உன் வாயில இருந்து வெளிய போச்சுன்னு வையி, அப்பா ஊருக்கே வரமாட்டேன். சத்தியமாச் சொல்லுதேன்.”

“சரிப்பா” என்றேன்.

அப்பா சும்மா மிரட்டுகிறவர் இல்லை. அத்தை வீட்டுக் கல்யாணப் பந்தியில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று எட்டு வருடமாக அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

மதுரையில் கொடுத்த சீட்டில் கரு வைத்த தேதி ஜூலை 3, பிரசவத் தேதி மார்ச் 21 என்று இருக்கிறது. அம்மா அதைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

ஆகஸ்ட் 10

சுகாதார நர்ஸ் அக்கா வந்து கர்ப்ப அட்டை எழுதினார். கடைசித் தீட்டு மே 17. பிரசவத் தேதி பிப்ரவரி 21. அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அம்மா திக்கவே இல்லை. எனக்குத்தான் காது சுட்டது.

பெரியம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“போற போக்குல வேலையக் காட்டிட்டுல்லா போயிருக்கான் எங் கொழுந்தன்! ஏட்டி உலகு, இனும உனக்கு மவுசு குறைஞ்சு போச்சு பாத்துக்க.”

அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 22

காலாண்டுத் தேர்வு. சமூக அறிவியல் சுமார்.

பக்கத்தில் உட்காரும் ஷமீமா, “ஒரு மாசமா ஏன் ஊமை மாதிரி இருக்க?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். மறுபடி கேட்டாள். நாளை முதல் கடைசி பெஞ்சில் உட்காரலாம் என்றிருக்கிறேன். அவளிடம் பேசினால் வாய் தவறிவிடும்.

அக்டோபர் 19

கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் கரும்பலகையில் வெளிச்சம் அடிக்கிறது. பழகிவிடும்.

நவம்பர் 23

இனி அவ்வளவு தூரம் பஸ்ஸில் அலைய வேண்டாம், ஊருக்குப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அதனால் இன்று டாக்டர் நூர்ஜஹானின் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரியம்மாவும் வந்தார். அம்மா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். “வயித்துப் பிள்ளைக்காரிய நண்டு மாதிரி ஒரு சின்னப் பிள்ள கூடவா அனுப்புவேன்?” என்று பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஆட்டோவில் ஏறிவிட்டார்.

ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தேதிப்படி இருபத்தேழு வாரம். பிள்ளை இருபத்து மூணு வாரம் மாதிரி இருக்கே. மொதல் மூணு மாசத்துல எடுத்த ஸ்கேன் இருக்கா?”

“மதுரையில எடுத்தது. பஸ்ல தவறிட்டு” என்றாள் அம்மா.

“தீட்டுத் தேதி சரிதானா? தப்பாச் சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, யோசிச்சுச் சொல்லுங்க.”

அம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். “தேதி எப்படி டாக்டரம்மா தப்பும்? இவ வீட்டுக்காரன் ஏரோப்பிளேன் ஏறுனது ஜூன் ரெண்டு. அதுக்கு மேல எப்படி வரும், நீங்களே சொல்லுங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, மூத்த பிள்ளை எத்தனை கிலோ என்று கேட்டார்.

“ஒண்ணே முக்காக்கூட இல்ல” என்றார் பெரியம்மா, என்னைக் காட்டி. “பூனைக்குட்டி மாதிரி துணியில சுத்திக்கிட்டு வந்தோம். இப்ப மட்டும் என்ன, இந்தா நிக்காளே.”

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எதையோ எழுதினார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை.

டிசம்பர் 27

இரண்டாவது ஸ்கேன். ஒரு கிலோ இருநூறு. தேதிப்படி ஒரு கிலோ எண்ணூறாவது இருக்க வேண்டுமாம். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, பனிக்குடத் தண்ணீர் நன்றாக இருக்கிறது, எடை மட்டும் ஏன் ஏறவில்லை என்று டாக்டர் தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

பெரியம்மா இன்றிலிருந்து தினமும் இரண்டு முட்டை, உளுந்தங்களி, ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி என்று உத்தரவு போட்டிருக்கிறார். அம்மா எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்து வாந்தி எடுக்கிறாள்.

“இவள மாதிரியே ஒண்ணு வருது” என்று பெரியம்மா சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிடம்தான். அந்தப் பிள்ளை என்னைவிடக் கனமாக, அழகாக, பெட்டி கிட்டி இல்லாமல் நேராக அம்மா மடிக்கு வந்துவிடும் என்று ஜூலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான். ஆனால் அது உண்மையில் சின்னது இல்லை. இருபத்தெட்டு வாரத்துக்கு அந்த எடை சரியாகத்தான் இருக்கும். கொஞ்சம் கூடவே இருக்கலாம். இது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

சந்தோஷப்பட்டேன் என்று எழுதியிருக்கக் கூடாது.

ஜனவரி 15

பொங்கல். வெண்பொங்கல், சிறுகிழங்கு. அப்பா வீடியோவில் கரும்பைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

ஜனவரி 24

இரண்டு கிலோ. தேதிப்படி முப்பத்தாறு வாரம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் வயிற்றில் வைத்திருந்தால் பிள்ளைக்கு ஆபத்து, முப்பத்தேழு வாரம் தாண்டியதும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். பிப்ரவரி முதல் தேதி காலையில் ஆபரேஷன்.

பெரியம்மா உடனே நாள் பார்த்தார். நல்ல நட்சத்திரம்தான் என்றார்.

வீட்டுக்கு வந்து கிராஃப் தாளில் கட்டம் போட்டேன். ஒரு கட்டம் ஒரு வாரம். தீட்டுக் கணக்கில் ஜூலை 3 அன்று இரண்டு வாரம் ஐந்து நாள் என்று மதுரைச் சீட்டில் எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அங்கிருந்து எண்ணினால் பிப்ரவரி 1 அன்று முப்பத்து மூன்று வாரம் ஒரு நாள். மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் அதேதான்.

நான் பிறந்ததும் ஏறக்குறைய அந்த வாரத்தில்தான்.

ஜனவரி 26

கொடியேற்றிவிட்டு மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா சந்தைக்குப் போயிருந்தார். இதைவிட்டால் நேரம் கிடைக்காது என்று அம்மாவிடம் கிராஃப் தாளைக் காட்டினேன். அவள் பச்சைப்பயற்றில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, முதல் தேதி எடுத்தா முப்பத்து மூணு வாரந்தான் ஆகும்.”

“தெரியும்.”

“டாக்டர்கிட்ட சொல்லிரு.”

“எப்படிச் சொல்ல? உங்க பெரியம்ம என் மடியிலயே உக்காந்திருக்கா. போன்ல சொன்னாலும் அட்டையை மாத்துவாவ, அவ கேப்பா.”

“பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டுன்னா?”

“நீ பொழைக்கலையா?”

சொன்ன பிறகு அம்மாவின் கை பயற்றிலேயே நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை. “அங்க பெட்டி எல்லாம் இருக்குட்டி. இப்பல்லாம் ரொம்ப நல்லா வச்சிருக்காவ” என்றாள், பயற்றைப் பார்த்தே. அந்தப் பயற்றில் கல்லே இல்லை. காலையிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 28

மாடிப்படியில் நின்று அப்பாவுக்கு நானே போன் செய்தேன். எடுத்ததும் பின்னால் லாரிச் சத்தம்.

“அப்பா, நீங்களாவது டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லுங்க.”

“பெரியவங்க விஷயம் உலகு. நீ பரீட்சைக்குப் படி.”

“நான் எண்ணிப் பாத்துட்டேன்பா.”

“நானும் எண்ணாமலா இருப்பேன்?” என்றார்.  “டாக்டருக்குத் தெரியாததா? அவங்க பாத்துக்குவாங்க. சொன்னது ஞாபகம் இருக்குல்லா?”

இருக்கிறது என்றேன்.

ஜனவரி 30

தூக்கம் வரவில்லை. அம்மாவும் தூங்கவில்லை. ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி படுத்திருந்தோம். அவள் பாத்ரூம் போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போதுதான் தூங்கியிருக்கிறாள். அவள் வயிறு போர்வைக்குள் அசைகிறது.

ஜனவரி 31

வேகமாக எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும்.

காலையில் அம்மா குளிக்கும்போது அரிசி டிரம்மிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தேன். மதுரைச் சீட்டைப் புவியியல் புத்தகத்துக்குள் வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீருடையோடு தனியாக வந்தவளை டோக்கன் கொடுக்கும் அக்கா ஒரு மாதிரி பார்த்தார்.

“யாருக்கு டோக்கன்?”

“எனக்கு.”

“என்ன செய்யுது?”

“வயித்து வலி.”

“ரிவிஷன் டெஸ்ட் வயித்து வலியா?” என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். இருவரும் சிரித்தார்கள். பெயர் கேட்டார். சொன்னேன். “உலகத்தையே வச்சிருக்க, உனக்கு வயித்து வலியா” என்று மறுபடியும் சிரிப்பு.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் வயிற்றுப் பிள்ளைக்காரர்கள். ஒரு அக்கா அதிரசம் கொடுத்தார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். எண்ணெய் பிசுபிசுத்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று மூன்று தடவை நினைத்தேன். மூன்றாவது தடவை நிஜமாகவே வாசல்வரை போய்விட்டேன். அப்போது பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. “கோமதி மகள்ல நீ? அம்மாவுக்கு என்ன?” என்று எழுந்தேவிட்டார்.

 புத்தகத்தைத் திறந்து சீட்டை மேசையில் வைத்தேன். அதிரச எண்ணெய் அதில் ஒட்டிவிட்டது.

அவர் படித்தார். மேசை இழுப்பறையிலிருந்து பிரசவத் தேதி கணக்குப் பார்க்கும் வட்ட அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பினார். ஒரு தடவை. திரும்பவும் ஒரு தடவை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

“ரத்த ஓட்டம் இருக்கு, தண்ணி இருக்கு, எடை மட்டும் எங்க போச்சுன்னு ரெண்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்” என்றார் மெதுவாக. “இந்தத் தேதிக்கு இது குறைஞ்ச எடையே இல்லம்மா. நல்ல எடை. நாளைக்கு நான் எடுத்திருந்தா…”  சீட்டை மறுபடி கையில் எடுத்து, “முப்பத்தேழு வாரம்னு நெனச்சு நுரையீரல் பலப்படுற ஊசிகூடப் போடாம எடுத்திருப்பேன்” என்றார். அது என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

“இதை எடுத்துட்டு வரச் சொன்னது யாரு? அம்மாவா?”

“யாரும் சொல்லல.”

“நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். உங்க பெரியம்மாகிட்டயும் சொல்லமாட்டேன். அம்மாகிட்ட மட்டும் தனியாப் பேசுவேன். சரியா? ஏன் அழுற? நல்ல காரியந்தானே பண்ணியிருக்க.”

“அப்பா இனிமே ஊருக்கு வரமாட்டாரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். வருவார் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன்.

“அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லையே கண்ணு” என்றார்.

வயிற்று வலிக்கு என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

பிப்ரவரி 1

பெரியம்மா பச்சைக் கலர் பை, பிளாஸ்க், பழைய வேட்டித் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். இதுவரை யாரும் பெரியம்மாவை அப்படிச் சொன்னதில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “உள்ள என்ன ரகசியம்?” என்றார். நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அம்மா வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “இன்னும் நாள் இருக்காம்” என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா மாடிக்கதவைச் சாத்தினார்.

“நேத்து வரைக்கும் ஆபத்துன்னா. இன்னைக்கு நாள் இருக்குங்கா. என்னன்னு சொல்லு கோமதி. சொல்லாம நான் கீழ எறங்கமாட்டேன்.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். மதுரை. ஊசி. உறைய வைத்தது. ஜூலை 3. பெரியம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கீழே போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் கதவுக்கு முன்னால்தான் பை இருந்தது.

“எங் கொழுந்தனுக்குத்தான் கோளாறா?” என்றார் கடைசியில்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அதுக்கு எங்கிட்ட மறைப்பியா? நான் என்ன மைக் செட்டா?”

“உங்க வீட்டு அத்தான் காதுல விழுந்தா…”

“அந்த மனுசன் காதுல நான் சொன்னது என்னைக்கு விழுந்திருக்கு?”  பெரியம்மா மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அப்புறம் விரல்களை மடக்க ஆரம்பித்தார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மார்ச் வரைக்கும் எண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

“ஏட்டி கோமதி. ஜூன் ரெண்டுக்குப் போனான். மார்ச்சு பாதியில பொறந்தா ஒம்பதரை மாசம். ஊருல எல்லாவளும் பத்து மாசம் சுமந்தேன், பத்து மாசம் சுமந்தேன்னுல்லா சொல்லிக்கிட்டுத் திரியுதாளுவ. எவ வந்து எண்ணப் போறா? வாரக் கணக்கெல்லாம் ஆஸ்பத்திரியில படிச்சுக்கிட்டு வந்த உங்களுக்குத்தான. தெருவுக்கு மாசக் கணக்குல்லா?”

அம்மா அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஆறு மாதமாக இழுத்து வைத்திருந்த அந்த ஒரு மாதம் யாருக்குமே தேவைப்பட்டிருக்கவில்லை.

பெரியம்மா கீழே போய்த் தெருவில் சொன்னது மாடிவரை கேட்டது: “டாக்டரு தேதியத் தப்பா எழுதிப் போட்டாவ. அந்தம்மாவத்தான் நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்.”

ராத்திரி அம்மா அப்பாவிடம் போனில் சொன்னாள். ஸ்பீக்கரில் போடவில்லை. என்னிடம் போனை நீட்டினாள். காதில் வைத்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை.

பிப்ரவரி 5

அம்மா சாப்பாடு போடுகிறாள். பேசவில்லை.

பிப்ரவரி 9

இன்று ராத்திரி தலை பின்னிவிட்டாள். நாளைக்குப் பின்னினால் போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. ஜடையின் பாதியில், யாரும் எதுவும் கேட்காமலே, “பத்தொம்பது நாளும் நான் அந்த வராண்டாவுலதான் கெடந்தேன்” என்றாள். “உள்ள விடமாட்டாவ. கண்ணாடி வழியா உன் கால் மட்டும் தெரியும். அதையே பாத்துக்கிட்டிருப்பேன்.”

அப்புறம் ரிப்பன் கட்டினாள்.

அதை ஏன் இன்றைக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. இந்த நோட்டு வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் தலைகீழாக இருந்தது. இடத்தை மாற்றலாம் என்று எடுத்தேன். மாற்றவில்லை.

பிப்ரவரி 21

பொய்த் தேதி இன்றைக்கு வந்து போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அப்பா அம்மாவோடு பேசுகிறார். நான் பக்கத்தில் இருந்தால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறார். ஷமீமா கடைசி பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் 14

தம்பி பிறந்துவிட்டான். காலை பத்தே முக்காலுக்கு. மூன்று கிலோ இருநூறு.

நர்ஸ் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, “யாரு வாங்குறீங்க?” என்றார். பெரியம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னை முழங்கையால் தள்ளினார். வாங்கினேன். கனமாக இருந்தான். இவ்வளவு கனமாக இருப்பான் என்று நான் நினைக்கவில்லை. அழவில்லை, முகத்தைச் சுருக்கி யாரையோ திட்டப்போகிற மாதிரி இருந்தான்.

பெரியம்மா சேனை வைக்க வேண்டும் என்று சீனித் தண்ணீரோடு தயாராக இருந்தார். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் வரும் என்பார்கள். நர்ஸ் தம்ளரைப் பிடுங்கி வெளியே ஊற்றிவிட்டார். தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் கூடாது என்று சத்தம் போட்டார்.

“சரி தாயி, தாய்ப்பாலையே வைக்கோம், போதுமா?” என்றார் பெரியம்மா. அம்மா வார்டுக்கு வந்த பிறகு ஸ்பூனில் ஒரு சொட்டுப் பால் எடுத்து என்னிடம் நீட்டினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார்.

“நீங்கதான வைக்கணும்னு சொன்னிய?” என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டே.

“எங் குணம் இவனுக்கு வேண்டாம். எனக்குப் பேசத்தான் தெரியும். பேச வேண்டிய எடத்துல பேசத் தெரிஞ்சவ இவதான். நீ வையிட்டி.”

வைத்தேன். அவன் நாக்கு என் விரலைத் தேடிக்கொண்டு வந்தது.

மத்தியானம் அப்பா வீடியோவில் வந்தார். பெரியம்மாதான் போனைப் பிடித்திருந்தார். அப்பா தம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். எடை எவ்வளவு என்று கேட்டார். பெரியம்மா சொன்னதும் மறுபடியும் துடைத்தார். அண்ணன் எங்கே என்று கேட்டார். கடைக்குப் போயிருக்கிறார், ஒன்றும் தெரியாது என்றார் பெரியம்மா.

“உலகு எங்க?”

பெரியம்மா போனைச் சட்டென்று என் பக்கம் திருப்பிவிட்டார். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் அடுக்குக் கட்டில் கம்பியில் காய்ந்த சட்டைகளைப் பார்த்தேன்.

“சாப்பிட்டியா?”

நாற்பத்தைந்து நாளைக்குப் பிறகு அப்பா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“ம்.”

“என்ன சாப்பிட்ட?”

“இட்லி.”

“எத்தனை?”

“மூணு.”

“சரி” என்றார். இன்னும் ஏதோ சொல்லப்போகிற மாதிரி வாயைத் திறந்தார். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போன் வைத்தாகிவிட்டது.

வருவாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு இறங்கிப் போனேன். இட்லி ஆறிப்போச்சும்மா, தோசை போடட்டுமா என்று கேட்டார்கள். இட்லிதான் வேண்டும் என்றேன். பெரிய ஹாலில் அந்த நேரத்தில் யாரும் இல்லை. மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசையில் உட்கார்ந்து எண்ணி மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு மேலே வந்தேன்.